இருக்கிறதுதான் வரும்

படத்தைக் கையில் வாங்கினால் அவர் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். சரித்துப் பிடித்து, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு கண். பிறகு மூக்குக்குக் கீழே இருக்கும் நிழல். கொண்டு வந்தவர் அவ்வளவு நேரமும் டொக்டரிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு இருக்கிறவர் மாதிரி இவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"செய்யலாம். ஆனா இதுல என்ன இரிக்கோ அதுதான் வரும். இல்லாதது வராது. பொறகு என்னோட கோவிக்கக் கூடா."

ஊரில் அவருக்குப் பெயர் லேசர் காக்கா; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருடைய வீட்டில் இருப்பவருக்கு இது யாரைப் பற்றியது என்று தெரிந்துவிடும். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.

என்னுடைய கடை சாய்ந்தமருதில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. போட்டோகொப்பி, லெமினேட்டிங், ஒன்லைன் விண்ணப்பம், கல்யாணக் கார்ட். கடைக்குப் பின்னால் ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்று சும்மா கிடந்தது. அவர் வயரிங் வேலைக்காரர், பல வருஷம் கட்டாரில் இருந்துவிட்டு வந்தவர். ஒரு நாள் பெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து அந்த அறையைக் கேட்டார். பெட்டிக்குள் துண்டு துண்டாக மெஷின். பொழுதுபோக்குக்குச் செய்கிற ஆட்கள் வாங்குகிற சின்ன லேசர் மெஷின்தான். இரண்டு அலுமினியத் தண்டவாளம், இரண்டு பெல்ட், நடுவில் கைக்கடக்கமான ஒரு லேசர் தலை. மூன்று நாளாக இருந்து பொருத்திப் பூட்டினார். ஒரு ஸ்க்ரூவைக்கூட என்னைத் தொட விடவில்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எதையும் இருந்த மாதிரி விட்டுவைக்க எனக்கு ஏலாது. கோணலாக வந்த கொப்பியை நேராக்குவேன். ஆட்கள் நிரப்பிக் கொண்டு வரும் விண்ணப்பத்தில் கேட்காமலே பிழை திருத்துவேன். கல்யாணக் கார்ட்டில் மாப்பிள்ளையின் பட்டத்தைச் சிறிது பெரிய எழுத்தில் போட்டுவிடுவேன். "ஒங்களுக்குக் கை சும்மா இரிக்காதா?" என்று என் மனைவி கேட்பாள். அப்படிப்பட்ட ஒருவனும், உள்ளதைத் தவிர வேறு எதையும் தொடாத ஒருவரும் ஒரே கூரையின் கீழ் ஆறேழு வருஷம் இருந்தோம். தினமும் சண்டை, தினமும் சேர்ந்து குடிக்கிற பிளேன்ரீ.

ஆட்கள் கொண்டு வரும் படத்திலுள்ள ஒரு முகத்தை லேசரால் பலகையில் சுட முன்னர் அவர் படுத்தும் பாட்டைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ரப்பர் மரப் பலகைதான் வேண்டும். தேக்கும் பாலை மரமும் கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவார். கறுத்த மரத்தில் எது நிழல், எது மரத்தின் கோடு என்று பிரிக்க முடியாதாம். பலகையைக் கடைக் கூரையில் ஏற்றி வெயிலில் காய வைப்பார், ஏனென்றால் கடற்காற்றில் ஈரம் ஏறிய பலகை சூட்டை ஒரே மாதிரிப் பிடிக்காது. சேண்ட் பேப்பரால் தேய்த்து, தூசு தட்டி, லென்ஸை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, லென்ஸுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பித்தளைத் துண்டை வைத்து உயரம் பார்ப்பார். பார்த்ததை இன்னொரு தரம் பார்ப்பார்.

பிறகு கழிவுத் துண்டில் சோதனை. வேகத்தையும் சூட்டையும் மாற்றி மாற்றிச் சின்னச் சதுரங்களாகச் சுடுவார்; வெளிர் மண்ணிறத்தில் தொடங்கிக் கரி வரைக்கும் போகும். படத்தில் பின்னால் தெரியும் சுவர், மரம், மற்றவர்களின் தோள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு முகத்தைப் புள்ளி புள்ளியாக மாற்றுவார். "பின்னால உள்ளத அழிக்கிறீங்க, அது மட்டும் உள்ளத மாத்துற வேலை இல்லையா?" என்று ஒரு தரம் மடக்கப் பார்த்தேன். "கழிக்கலாம், கூட்டத்தான் கூடா" என்று முடித்துவிட்டார். லேசர் ஓடிச் சுடும் கோடுகளை நெருக்கினால் படம் தெளிவாகும் என்று நானும் எல்லோரையும் போல நினைத்திருந்தேன். நேர்மாறு. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி முகம் சேறாகிவிடும்.

"இடவெளி இரிந்தாத்தான் முகம் தெரியும் தம்பி. எல்லாத்தையும் நெரப்பினா கரிக்கட்டதான்."

கடைசிச் சோதனை கண். அந்தப் படத்தில் உள்ள ஒரு கண்ணை மட்டும் வெட்டியெடுத்து, தீப்பெட்டியளவு துண்டொன்றில் சுட்டுப் பார்ப்பார். கண் வந்தால் முகம் வரும் என்பது அவருடைய கணக்கு. துண்டின் பின்பக்கத்தில் பென்சிலால் வேகம், சூடு, கோட்டு இடைவெளி, ஆளின் பெயர் எல்லாம் எழுதி, பெரிய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் போட்டு வைப்பார். ஒரு தரம் பென்சில் தேடி அந்த டின்னைத் திறந்துவிட்டேன். நூறு கண்ணுக்கு மேல் இருக்கும், பாதிக்கு மேல் மௌத்தாகி அடக்கப்பட்டவர்களுடையது. பயந்துபோய் மூடியை அழுத்தி மூடினேன்.

"இந்தத் துண்டுகள அடுப்பில போட்டு எரிச்சிருங்க காக்கா."

"எரிச்சது காணும், போதும்" என்றார். என்ன சொல்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுச் சுவரில் முகங்களை மாட்டுவது குறைவு. படம் இருக்கும் வீட்டுக்கு மலக்குமார், அதாவது வானவர்கள், வர மாட்டார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சில வீடுகளில் கடுமை, சில வீடுகளில் அவ்வளவு இல்லை. அவரிடம் வரும் ஒவ்வொருவரிடமும் அவர் ஒரு வாக்கு வாங்குவார்.

"சுவரில மாட்டக் கூடா. அலுமாரிக்குள்ள வைங்க. பார்க்கணும் போல இரிந்தா திறந்து பாருங்க. பார்த்துட்டு மூடுங்க."

ஓம் என்று சொன்னால்தான் படத்தைத் தொடுவார். செய்து முடித்ததை வெள்ளைத் துணியில் சுற்றி, அதற்கு மேல் பேப்பர் சுற்றிக் கொடுப்பார். மௌத்தானவரைச் சுற்றும் கஃபன் துணி மாதிரி இருக்கிறது, வேறு நிறத்தில் சுற்றுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

தொப்பிக் கதையைச் சொன்னால்தான் அவருடைய பிடிவாதம் விளங்கும். எங்கள் ஊர் வயதாளிகள் பலருக்கு ஆயுளில் ஒரே ஒரு படம்தான் இருக்கும், அடையாள அட்டைக்கு எடுத்தது. அதற்காகத் தொப்பியைக் கழற்றி எடுத்திருப்பார்கள். மாளிகைக்காட்டிலிருந்து ஒரு மீன் வியாபாரி தன் வாப்பாவின் அப்படியான படத்தைக் கொண்டு வந்தார். தலையில் ஒரு தொப்பி வைத்துச் சுட்டுத் தர வேண்டும்.

"படத்தில தொப்பி இல்லையே" என்றார் இவர்.

"என்ட வாப்பா தொப்பி இல்லாமப் படலையத் தாண்டினதே இல்ல காக்கா. இந்தப் படத்துக்கு மட்டுந்தான் கழட்டின."

"அப்ப கழட்டினதுதான் வரும்."

வியாபாரிக்கு முகம் சிவந்துவிட்டது. நான் நடுவில் விழுந்தேன். ஒரு தொப்பிதானே, என்னுடைய கம்ப்யூட்டரில் இரண்டு நிமிஷ வேலை, நான் வைத்துத் தருகிறேன் என்றேன். இவர் மெஷினின் வயரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வியாபாரி படத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில், உங்களுக்கு மனுஷத்தன்மையே இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் வயரைத் திரும்பப் பூட்டினார்.

"தொப்பி வச்சாப் பொறகு நெத்தி எப்பிடி இரிந்தெண்டு அவருக்கு மறந்திரும். நெத்தியிலதான் தொழுத அடையாளம் இரிக்கி. நீ பார்க்கல்ல."

நான் பார்க்கவில்லைதான். ஆனாலும் ஒரு தொப்பிக்காக ஒருவரை மனம் நோகடித்து அனுப்புவது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மின்வெட்டு நாட்களில்தான் அவருடைய கதை எனக்குத் தெரிய வந்தது. மெஷின் ஓடும்போது அவர் அறையை விட்டு எழும்ப மாட்டார். பச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வாளி தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பலகையையே பார்த்தபடி இருப்பார். ஒரு நாள் முற்பகலில், இளம் பிள்ளை ஒன்றின் முகம் நெற்றி, கண், பாதி மூக்கு வரைக்கும் வந்திருக்க கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து ஓட விடலாம் என்று நான் சொன்னேன். முடியாது, மயிரளவு விலகினாலும் முகத்தின் நடுவில் கோடு விழும் என்றார். பாதி முகத்தோடு பலகையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். விசிறியும் இல்லை, அறைக்குள் எரிந்த மர வாசம். அப்போதுதான் சொன்னார்.

ஒரு ஒப்பந்தம் முடிந்து கட்டாரிலிருந்து வந்து ஊரில் நின்ற சமயம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் படங்களைப் பற்றி ஒரு மார்க்கப் பயான் கேட்டாராம். சுவரில் மாட்டாதீர்கள், அவ்வளவுதான் சொன்னார்கள். வீட்டில் மாட்டியிருந்த இரண்டு படங்களை மனைவி அன்றைக்கே கழற்றி, அல்பத்தோடு சேர்த்துத் தன்னுடைய இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"அதோட விட்டிரிக்கலாம். எனக்கு எதையும் பாதியில விட ஏலா. அடுத்த நாள் அவ குளிக்கப் போன நேரம் பார்த்து, பெட்டியத் திறந்து, எல்லாத்தையும் கிணத்தடிக்குக் கொண்டு போய் எரிச்சன். பிலிம் சுருளையும் எரிச்சன். அவ வந்து ஒண்டுமே சொல்லல்ல. ஈரத் தலையோட நெருப்பப் பார்த்துட்டு நிண்டா. அஞ்சாறு மாசத்தில சுனாமி."

ஒரே மகள். ஏழு வயது. அன்று காலையில் இவர் சம்மாந்துறையில் ஒரு வீட்டுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். தாய் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறித் தப்பியவர். கையில் பிடித்திருந்த பிள்ளை போய்விட்டது. பிள்ளையின் மையத்தை வேறு ஆட்கள் எடுத்து அடக்கியிருந்தார்கள். எந்தக் குழியில் என்று மட்டும்தான் இவருக்குக் காட்டினார்கள்.

"முகம் பார்க்கக் கிடைக்கல்ல. வீட்ட வந்து பார்க்க ஒரு படமும் இல்ல. அவ இன்னைக்கு வரைக்கும் ஒரு நாளும் ஏன் எரிச்சீங்க எண்டு கேட்டதில்ல தம்பி. கேட்டிரிந்தா நல்லம்."

எனக்கு அவரோடு போட்ட சண்டை எல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு அவரைப் பார்க்க எனக்கு ஒரு பயமும் வந்தது. என் சின்ன மகளுக்கு அப்போது ஏழு வயது. ஸ்கூல் விட்டு வெள்ளை உடுப்போடு கடைக்கு வந்தவளை, "கொஞ்சம் ஆடாம நில்லுங்க மகள்" என்று ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி அரை நிமிஷம் பார்த்தார். பிறகு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவளை நான் கடைக்கு வர விடவில்லை. அதுவும் எனக்கு இப்போது வெட்கம்தான்.

அடுத்த வருஷம் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் பழைய வகுப்புப் படமொன்றை லெமினேட் செய்யக் கொண்டு வந்தார். சுனாமிக்கு முந்தின வருஷத்து முதலாம் வகுப்பு. பிள்ளைகளின் பெயர்களை எனக்குச் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்தியவர் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இந்தா, தலையச் சரிச்சிட்டு நிக்கிறா பாருங்க, இது அந்த வயரிங் காக்காட மகள். ஒரு இடத்தில நிக்க மாட்டா. படம் எடுக்கிற நேரமும் ஆடிட்டா."

முகம் மிளகளவு. ஆடியதால் அதுவும் கலைந்திருந்தது. நான் பின்னால் ஓடி அவரைக் கூட்டி வந்தேன். அவர் அழவில்லை. விரல் நகத்தின் பின்பக்கத்தால் அந்த இடத்தை ஒரு தரம் தொட்டுவிட்டு, வழக்கம் போல் படத்தைச் சரித்து வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்தார்.

டீச்சரின் அனுமதியோடு படத்தை உச்ச அளவில் ஸ்கேன் செய்தேன். வீட்டுக்குக் கொண்டு போய் மதினிக்குக் காட்டுங்கள் என்றேன். மதினி என்று அவருடைய மனைவியைத்தான் சொல்கிறேன்.

"இப்பிடிக் காட்ட ஏலா. அவட பெட்டிக்குள்ள இரிந்து எடுத்து எரிச்சவன் நான். திருப்பிக் குடுக்கிறதெண்டா வடிவா, தெளிவாக் குடுக்கணும்."

அன்று தொடங்கியது. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இரண்டு மாதம் அந்த மிளகளவு முகத்தோடு மல்லுக்கட்டினார். சூட்டைக் குறைத்தார், வேகத்தைக் கூட்டினார், கோட்டு இடைவெளியை மாற்றினார், லென்ஸை மாற்றினார், வெள்ளை மாபிள் ஓட்டில் கறுப்பு மை பூசியும் பார்த்தார். ஒவ்வொரு தரமும் வந்தது ஒன்றுதான்: ஒரு பக்கம் சரிந்த தலை, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழல், வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேய்வு. சுட்ட துண்டுகளை டின்னுக்குள் போட்டார். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தார்.

எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மங்கிய படத்தைத் தெளிவாக்கும் அப் ஒன்று என் போனில் இருந்தது. சொன்னேன்.

"போன் என்ட புள்ளயக் கண்டிரிக்கா?" என்று கேட்டார்.

"காணல்லதான்."

"அப்ப அதுக்கு எப்பிடித் தெரியும்?"

சரியான பேச்சு. அதோடு விட்டிருக்க வேண்டும். நானா விடுகிறவன்? ஒரு வியாழக்கிழமை, அவர் அசர் தொழப் போன நேரம் அந்த ஸ்கேனை அப்புக்குள் போட்டேன். பத்து செக்கனில் ஒரு சிறுமி எழுந்து வந்தாள். கன்னத்தில் வெளிச்சம், இமை மயிர் தனித்தனியாக, அழகான ஒரு சிரிப்பு. தலை மட்டும் நேராகிவிட்டிருந்தது. பெற்றவர்களே இனி ஒரு குறை சொல்ல முடியாது என்று எனக்குள் நானே மெச்சிக்கொண்டேன். பழைய படம் மாதிரித் தெரிய நிறத்தை மங்கலாக்கினேன். தொழுதுவிட்டு வந்தவரிடம், டீச்சர் இன்னொரு படம் தேடி அனுப்பியிருக்கிறார், தனியாக எடுத்தது என்று பொய் சொன்னேன்.

கண்ணை வெட்டியெடுத்துச் சுட்டார். முதல் தரத்திலேயே வந்தது. அப்படி ஒரு கண் அந்த மெஷினில் அதுவரை வந்ததில்லை. பச்சைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னலடிக்குக் கொண்டு போய்ப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"டீச்சர்ர வீட்ட இரிந்ததா தம்பி?"

"ஓம் காக்கா."

"அதே வருஷம் எடுத்ததா?"

"ஓம் காக்கா."

மூன்றாம் தரம் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று என்னை நானே பல தரம் சமாதானப்படுத்தியிருக்கிறேன். அவர் கேட்கவில்லை. பலகையை வைத்துச் சுட்டார். பொழுதுபட்டுத் தொழும் மஃரிபுக்கு முன்னர் முடிந்துவிட்டது. பென்சிலால் பின்பக்கத்தில் வேகம், சூடு, இடைவெளி எழுதினார். பெயர் எழுதவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி அறையின் மேல் தட்டில் வைத்தார்.

"மதினிக்குக் காட்டினீங்களா?" என்று நான் ஒவ்வொரு கிழமையும் கேட்டேன். நன்றி எதிர்பார்த்தேன், அதுதான் உண்மை. அவர் ஒவ்வொரு கிழமையும் "காட்டுவம்" என்றார். ஆனால் அந்த மெஷினில் அதற்குப் பிறகு அவர் முகம் எதுவும் சுடவில்லை. சாவியில் மாட்டும் கீ டெக், ஸ்கூல் பரிசுக்குப் பெயர்ப் பலகை, அவ்வளவுதான். படத்தோடு வருபவர்களுக்கு மெஷின் பழுது என்று சொல்லி அனுப்பினார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

பிறகு சிறுநீரகம் பழுதாகிக் கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்யும் நிலை வந்தது. ஒரு நாள் நான்தான் ஓட்டோவில் கூட்டிப் போனேன். கையில் குழாயோடு படுத்திருந்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கதைத்தார்.

"முந்தியெல்லாம் கண்ண மூடினா அவ வருவா. தெளிவா இல்ல. ஓடிப் போற மாதிரி, தலையச் சரிச்சிட்டு, ஒரு கணம். இப்ப வாறதில்ல தம்பி. கண்ண மூடினா பலகையில உள்ள புள்ளதான் வருது. அசையாம நிண்டு சிரிக்கிது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லந்தானே காக்கா, தெளிவா வருதே" என்றேன்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வாடிக்கையாளர் கொண்டு வரும் படத்தைப் பார்க்கிற பார்வை. "ஓம், தெளிவா வருது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடாமல் படுத்திருந்தார். அந்தப் படம் என் பொய் என்பது அவருக்குத் தெரியும் என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. கண்ணைச் சுட்ட அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டும் ஏன் முழு முகத்தையும் சுட்டார்? ஒரு தரமாவது தெளிவான ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டாரா, நான் பக்கத்தில் ஆவலோடு நின்றதால் என் முகத்தை முறிக்க மனம் வரவில்லையா? கேட்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று மணித்தியாலம் இருந்தேன், போனை நோண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் அவர் மௌத்தாகிவிட்டார்.

கணவன் மௌத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த பிறகு மதினி ஆள் அனுப்பினார். அறையில் இருக்கும் சாமான்களைக் கொண்டு வந்து தரச் சொல்லியிருந்தார். மெஷினையும் டின்னையும் பலகைகளையும் ஓட்டோவில் ஏற்றினேன். வெள்ளைத் துணியில் சுற்றிய பலகையைத் தனியாக மடியில் வைத்துக்கொண்டேன். இவ்வளவு நடந்த பிறகும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள்: அவர் கடைசி வரை கொடுக்காமல் போனதை நானாவது கொடுக்க வேண்டும், இந்தத் தாய் ஒரு முகத்தையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று வழி முழுவதும் வசனம் தயாரித்தேன்.

அவருடைய வீட்டு முன் மண்டபத்தில் சாமான்களை இறக்கி வைத்தேன். மதினி கதவு நிலையோடு பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறப்பதற்கு முன்னரே டின்னைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறந்துவிட்டார். நான் பயந்த அந்தக் கண்களை அவர் பயப்படாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பின்பக்கத்துப் பெயரை வாசித்து, பாயில் அடுக்கினார். இது பக்கத்து வீட்டுக்காரிட மகன், இது நம்மட பள்ளிவாசல் மோதினார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ஒரு துண்டில் கை நின்றது. இரண்டு மாதத்து வீண் வேலையில் ஒன்று. சரிந்த தலை, இரண்டு நிழல், ஒரு தேய்வு. பின்பக்கம் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யா அல்லாஹ், இது அவதான்" என்றார். "தலையச் சரிச்சிட்டு நிக்கிறா. ஒரு நாளும் நேரா நிக்க மாட்டா."

துண்டை இரண்டு கையாலும் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "எப்ப செஞ்சாரு? ஏன் எனக்குக் காட்டல்ல?" என்று என்னைக் கேட்டார்.

"தெளிவா வந்த பொறகு காட்டுவம் எண்டு இரிந்தாரு மதினி."

"இதவிட என்ன தெளிவு?"

மடியில் இருந்ததை மறைக்கப் பார்த்தேன். வெள்ளைத் துணியைக் கண்டுவிட்டார். கையை நீட்டினார், கொடுத்தேன். துணியை அவிழ்த்து, அந்தச் சிரிக்கிற முகத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பெயரைத் தேடினார். திரும்பவும் முகத்தைப் பார்த்தார். இரக்கத்தோடு பார்த்தார். பிறகு துணியை ஒழுங்காகச் சுற்றி என்னிடமே திருப்பித் தந்தார்.

"வடிவான புள்ள. பேரு எழுத மறந்திட்டாரு போல. அந்தப் புள்ளட உம்மா தேடிட்டு இரிப்பா தம்பி. கெதியாக் கொண்டு போய்க் குடுத்திருங்க."

"ஓம் மதினி" என்று வாங்கிக்கொண்டு எழும்பினேன்.